முந்நூறு மீட்டரும் ஒரு சாவியும்

அத்தியாயம் 17

போன வாரம் ஜெரினை மகளுக்கு வாங்கிய புது ஸ்கேட்டிங் வீல் பெட்டியோடு காலடிப்பேட்டை வீட்டு வாசலில் நிற்க வைத்துவிட்டு வந்தோம். ஒரு வாரமாக நிற்கிறான். நிற்கட்டும், நல்லதுதான். நின்ற இடத்தில் நின்று அவன் யாருக்கும் கெடுதல் செய்ததில்லை. உதவி செய்யக் கிளம்பினால்தான் ஆபத்து.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி. ஜெரினின் தங்கை பெனிஷா. வயது முப்பத்தாறு. ரோலர் ஸ்கேட்டிங்கில் முந்நூறு மீட்டர் வேக ஓட்டத்தில் மூன்று வருஷம் தொடர்ந்து தேசிய சாம்பியன். இருபத்திரண்டு வயதில் ஆசியப் போட்டிக்குத் தேர்வானாள். ஆனால் போகவில்லை. அவளுடைய பாஸ்போர்ட், அப்பா ஜெபசிங்கின் ராயபுரம் ஹார்டுவேர் கடை இரும்புப் பெட்டிக்குள் இருந்தது. பெட்டியின் சாவி தொலைந்துபோனது.

பதினொரு நாள் அந்தக் கடையைப் புரட்டிப் போட்டுத் தேடினாள். ஆணி டப்பா, போல்ட் டப்பா எல்லாவற்றையும் தரையில் கொட்டினாள். விமானம் போன மறுநாள் காலையில் சாவி கிடைத்துவிட்டது. எங்கே கிடைத்தது என்று ஜெபசிங் இந்தப் பதினாலு வருஷத்தில் சொன்னதில்லை. அடுத்த மாதமே சாயர்புரத்து மாப்பிள்ளையோடு கல்யாணம். அது நாலு வருஷத்தில் முடிந்துபோனதை ஆறாவது அத்தியாயத்தில் எழுதியாகிவிட்டது. மறுபடி எழுத எனக்கு இஷ்டமில்லை.

இப்போது பெனிஷா கோச். வள்ளூர் தாண்டி ஏதோ ஒரு கம்பெனி போட ஆரம்பித்துப் பாதியில் விட்டுப்போன ரோடுதான் அவளுடைய மைதானம். கிழக்கே காற்றடித்தால் அனல்மின் நிலையத்துச் சாம்பல், மேற்கே அடித்தால் லாரிப் புழுதி. பிள்ளைகள் ஷூ மாட்டுவதற்கு முன்னால் துடைப்பத்தை எடுக்க வேண்டும். முந்நூறு மீட்டரையும் பெருக்கி முடித்த பிறகுதான் ஓட்டம். தேசிய சாம்பியனும் கூட நின்று பெருக்குவாள். அந்தப் பக்கம் போகிற லாரிக்காரர்கள் முதலில் சிரித்தார்கள். இப்போது ஹாரன் அடித்து வணக்கம் சொல்கிறார்கள். அவள் வீட்டார்தான் இன்னும் சிரிக்கிறார்கள்.

இனி விஷயத்துக்கு வருவோம். மண்டலப் போட்டிக்கு ஒரு கிளப்பிலிருந்து ஒரு வயதுப் பிரிவுக்கு ஒரே ஒரு பெயர்தான் கொடுக்கலாம். பெனிஷாவிடம் அந்தப் பிரிவில் இரண்டு பெண்கள். ஒருத்தி ஜெனி, ஜெரினின் மகள். இன்னொருத்தி அம்மு, வியாசர்பாடி ஹவுசிங் போர்டிலிருந்து முதல் பஸ் பிடித்து வருகிறவள். இரண்டு பேருக்கும் பதிமூன்று முடிந்து பதினாலு. அந்தப் பிரிவில் இரண்டு பேருக்கும் இதுவே கடைசி வருஷம். சாயங்காலம் ஐந்து மணிக்குள் சங்க அலுவலகத்தில் படிவம் போய்ச் சேர வேண்டும். எந்தப் பெயர் என்பதைக் காலை ஆறு மணிக்கு ரோட்டில் முடிவு செய்வதாகப் பெனிஷா சொல்லியிருந்தாள்.

ஆறு மணிக்கு ஜெரின் காரில் வந்து இறங்கினான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கழுத்தில் கூலிங் கிளாஸ். மகள் ஓடப்போகிறாளா, இவன் திறப்பு விழாவுக்கு வந்திருக்கிறானா என்று சந்தேகம் வரும்.

இறங்கியதும் அம்முவைப் பார்த்தான்.

"என்னம்மா, நான் குடுத்த வீலு நல்லா ஓடுதா?"

"ஓடுதுண்ணாச்சி," என்றாள் அம்மு. தலையை நிமிர்த்தவில்லை. ஷூ லேஸை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

அந்த வீல் கதையைச் சொல்லியே ஆகவேண்டும். கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஜெனியின் பழைய வீல்கள் எட்டையும் ஜெரின் அம்முவுக்குத் தானமாகக் கொடுத்தான். கொடுத்ததற்கு ஒன்பது போட்டோ. கையில் வீலைப் பிடிக்க வைத்து, சிரிக்கச் சொல்லி, வெயில் முகத்தில் விழவில்லை என்று இடம் மாற்றி நிற்க வைத்து எடுத்தான். வியாபாரிகள் சங்க வாட்ஸப் குழுவில் அது மூன்று நாள் சுற்றியது. அறுபத்திரண்டு பேர் கைகூப்பினார்கள். ஜெரின் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நன்றி சொன்னான்.

முந்நூறு மீட்டரை இரண்டு பேரும் சேர்ந்து ஓட மாட்டார்கள். ஒருத்திக்குப் பின் ஒருத்தி தனியாக ஓடி, கடிகாரத்தில் யார் நேரம் குறைவோ அவள் ஜெயித்தவள். முதலில் ஜெனி. கோட்டில் போய் நின்றாள். காலில் புது வீல் பளபளத்தது.

ஜெரின் தங்கையின் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான்.

"பெனி, ஜெயிச்சதும் போட்டோ எடுக்கணும். அந்தப் பிள்ளைய கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லு. பின்னால தெரிஞ்சா நல்லா இருக்காது."

பெனிஷா ஸ்டாப்வாட்சைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தாள். பெருமை சொல்ல வந்ததும் ஜெரினின் குரல் தானாகவே உயர்ந்தது.

"இன்னொண்ணு தெரியுமா? நேத்து சாயங்காலம் கடையில உக்காந்து எட்டு வீலையும் பிரிச்சு, என் கையாலேயே பேரிங்ல கிரீஸ் வச்சேன். லாரிக்காரங்க கேட்டு வாங்குற கிரீஸ். ஏழு வருஷத்துக்குத் திரும்பிப் பாக்க வேண்டாம். போதகரையும் கூப்பிட்டு ஜெபம் பண்ணியாச்சு."

பெனிஷாவின் விரல் ஸ்டாப்வாட்ச் பொத்தானில் நின்றது.

ஸ்கேட்டிங் வீலின் நடுவில் உருளுகிற பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவுவார்கள். உலர்த்தித் துடைத்து, தையல் மிஷினுக்குப் போடுகிற மாதிரி மெல்லிய எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விடுவார்கள். அவ்வளவுதான். கனமான கிரீஸை அடைத்தால் வீல் அரைமனதோடு சுற்றும். அதோடு இந்த ரோட்டில் இறங்கினால் சாம்பல் உள்ளே போய் ஒட்டி, குழைந்து களியாகிவிடும். பெனிஷாவிடம் ஒரு மாதம் படித்த குழந்தைக்குக்கூட இது தெரியும். ஜெனிக்கும் தெரியும். ஆனால் அப்பா ஆசையாகச் செய்ததை வேண்டாம் என்று சொல்லும் பழக்கம் அந்த வீட்டில் யாருக்கும் இருந்ததில்லை. முப்பது வருஷமாக நாட்டிலுள்ள மிஷினுக்கெல்லாம் கிரீஸ் விற்கிற குடும்பம். உருளுகிறது எதுவாக இருந்தாலும் அதில் கிரீஸைத் திணித்தால் அன்பு காட்டியதாகிவிடும் என்று நினைக்கிற குடும்பம்.

நிறுத்து, வீலைக் கழற்று, கழுவி மாட்டு. மூன்றே கட்டளை போதும். பெனிஷா வாயைத் திறந்தாள். ஜெரின் செல்போனை உயர்த்தி, அம்மு படத்தில் விழாமல் கோணம் பார்த்துக்கொண்டிருந்தான்.

பெனிஷா வாயை மூடிக்கொண்டாள்.

"ரெடி," என்றாள்.

ஜெனி நன்றாகத்தான் கிளம்பினாள். முதல் பத்து அடி அத்தையே ஓடுகிற மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு காலை எவ்வளவு தள்ளினாலும் வீல் கூட வரவில்லை. ஒரு கரகரப்பு மட்டும் ரோடு முழுக்கக் கேட்டது. கோட்டைத் தாண்டும்போது அவள் முகம் சிவந்து, மூச்சு இழுத்தது.

முப்பத்தொன்று புள்ளி நாலு வினாடி.

அடுத்து அம்மு. சத்தமே இல்லை, காற்று கிழிகிறது மட்டும் கேட்டது. இருபத்தொன்பது புள்ளி எட்டு.

பெனிஷா இரண்டையும் உரக்க வாசித்தாள். வாசிக்கும்போது அண்ணன் முகத்தைத்தான் பார்த்தாள். அதைப் பார்க்க அவளுக்கு இனித்தது. மறைப்பானேன், எனக்கும்தான் இனித்தது. தான் தானம் செய்த பழைய வீலே தன் மகளைத் தோற்கடித்ததைக் கண்டு நிற்கிற மனிதனைப் பார்த்து யாருக்குத்தான் இனிக்காது?

"ரோடு சரியில்ல," என்றான் ஜெரின்.

"ரெண்டு பேருக்கும் ஒரே ரோடுதான்."

"சாம்பல்ல பிள்ளைங்கள ஓட விட்டுட்டு நீயெல்லாம் கோச்சு. என் பிள்ளை போயும் போயும் யார்கிட்ட தோத்திருக்கா பாரு." அம்முவுக்குக் கேட்கும்படியாகத்தான் சொன்னான். "இன்னையோட இந்தச் சாம்பல் கிளப்புக்கு ஒரு கும்பிடு. அண்ணா நகர்ல ஆள் பாக்குறேன். ஜெனி, நீ அத்தையோட வா. எனக்கு வேலை இருக்கு."

கார் கிளம்பிப் போனது. தோற்ற மகளைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு போகக்கூட அவனுக்கு மனம் வரவில்லை. ஜெனி ரோட்டோரத்தில் உட்கார்ந்து முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

பெனிஷா படிவத்தை எடுத்து ஸ்கூட்டர் சீட்டில் வைத்தாள். பேனாவைத் திறந்தாள். அம்மு என்று எழுதப் போனாள்.

"எயுதாதக்கா," என்றாள் அம்மு.

"ஏன்?"

"உன் காதுல விழலியா? அது வீல் சத்தமா அது? மாவு மில்லாட்டம் அரைச்சிகினு வந்துச்சு."

"சத்தத்துக்கெல்லாம் நேரம் கூட்டித் தர மாட்டாங்க. நீ ஜெயிச்சுட்ட."

"கண்ண மூடிகினு வீல் சத்தத்தக் கேளு, சத்தம் வந்தா ஓடாதன்னு நீதான தெனமும் சொல்லுவ?" அம்மு ஷூவோடு நடந்து ஸ்கூட்டர் அருகில் வந்தாள். "அண்ணாச்சி கிரீஸ் வச்சேன்னு உன்னாண்ட சொன்னத நானு கேட்டுகினுதான் இருந்தேன். நீயும் கேட்ட. அப்பறமா ரெடின்ன."

பெனிஷாவால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"எனக்கு ஜெயிக்க ஆசதான்க்கா. ஆசயில்லாதயா அஞ்சு மணிக்கு எய்ந்து வரேன். ஆனா உன் அண்ணன் மேல கீற கடுப்புக்கு என்னிய ஜெயிக்க வைக்காத. அது கலீஜ் வேல."

பதினாலு வயசு. அவள் சொல்லி முடித்தபோது பெனிஷாவுக்குக் காது சூடேறியது. சாவி தொலைந்துவிட்டது என்று பதினொரு நாள் பொய் சொன்ன மனிதனை இத்தனை வருஷமாக மனதுக்குள் காறித் துப்பிக்கொண்டிருந்தாள். இன்று அவளும் அதையேதான் செய்திருந்தாள். பெரியவர்கள் கணக்குத் தீர்த்துக்கொள்ள ஒரு பிள்ளையின் ஓட்டத்தை மறித்தாள். தனக்கு அப்பா மேல் இருந்த அருவருப்பு அத்தனையும் தன் பக்கமே திரும்பி நின்றதாக அவளுக்குத் தோன்றியது.

"என்ன பண்ணலாம் சொல்லு," என்றாள்.

"ஒரே வீல்ல ரெண்டு பேரும் ஓடுறோம். என் வீல கயட்டி அவளுக்கு மாட்டு. அப்பறமா யாரு வேகம்னு பாரு."

"உனக்குக் கால் அசந்திருக்கும்."

"அவளுக்கும்தான் அசந்து கீது."

ஜெனி முகத்தைத் தூக்கினாள். "வேண்டாம் அத்தை. அம்மு பேரையே எழுதுங்க."

"நீ சொம்மா இரு," என்றாள் அம்மு. "நீ எனக்கு விட்டுக் குடுக்கத் தேவல. உங்க வூட்டுல ஒருத்தர் குடுத்ததே போதும்."

அரை மணி நேரம் ஓய்வு. மறுபடி ஒருமுறை ரோட்டைப் பெருக்கினார்கள். அம்மு முதலில் ஓடினாள். இருபத்தொன்பது புள்ளி ஏழு. முதல் ஓட்டத்தைவிடக் குறைவு. உட்கார்ந்த வேகத்தில் வீல் திருகாணி கழற்றும் ஆலன் கீயை எடுத்து எட்டு வீலையும் அவளே கழற்றி, ஜெனியின் ஷூவில் மாட்டி, ஒவ்வொன்றையும் சுற்றிவிட்டுக் காதில் வைத்துக் கேட்டாள். ஏமாற்று இல்லை என்று தனக்கே உறுதி செய்துகொண்ட பிறகுதான் எழுந்தாள்.

ஜெனி ஓடினாள். தன் பழைய வீலில், தனக்குப் பழகிய வீலில்.

பெனிஷா பொத்தானை அழுத்தினாள். எண்ணைப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள்.

"இருபத்தொன்பது புள்ளி மூணு."

அம்மு ஸ்டாப்வாட்சைத் தானும் எட்டிப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் லாரி போகிற ரோட்டைப் பார்த்தாள். கண் கலங்கியது. அதைத் துடைத்த கையாலேயே மூக்கையும் துடைத்தாள். பிறகு ஜெனியின் காலைப் பார்த்தாள்.

"மண்டலத்துக்கு அதயே மாட்டிகினு போ. அந்தப் புது வீல நம்பாத. முடிச்சிட்டு கயுவித் தா. என்னுது அது."

"சரி," என்றாள் ஜெனி.

பெனிஷா படிவத்தில் ஜெனியின் பெயரை எழுதினாள். எழுதும்போது மனம் கசந்தது. ஜெயித்தவள் பெயர்தான், நியாயம்தான். ஆனால் இதை வைத்து ஜெரின் எத்தனை வாட்ஸப் குழுவில் நெஞ்சை நிமிர்த்துவான் என்று நினைத்தால் யாருக்கும் கசக்கும். மிச்சம் இருந்தது இரண்டு. தகப்பன் கையெழுத்து, அசல் பிறப்புச் சான்றிதழ். வயதைக் குறைத்துக் காட்டுகிறவர்கள் பெருகிவிட்டதால் அசலைக் காட்டாமல் சங்கத்தில் படிவம் வாங்குவதில்லை. பத்து மணிக்கு ஜெனி தாத்தாவுக்குப் போன் செய்து, ஜெயித்ததைச் சொல்லி, சான்றிதழை எடுத்து வைக்கும்படி கேட்டாள்.

"எடுத்து வைக்கேன் மக்கா," என்றார் ஜெபசிங். எவ்வளவு பாசமான தாத்தா.

மதியம் வரை மற்ற பிள்ளைகளின் பயிற்சியை முடித்து, லாரி நெரிசலில் ஊர்ந்து, ராயபுரம் கடைக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றரை. வாசலில் 'ஜெபசிங் அண்ட் சன்' என்று பெரிய போர்டு. மகளுக்குப் போர்டில் இடமில்லை, உள்ளே சுவரில் உண்டு. ஜெபசிங் உட்காருகிற நாற்காலிக்குப் பின்னால், இரும்புப் பெட்டிக்கு மேலே, இருபது வயது பெனிஷா கழுத்தில் மெடலோடு சிரிக்கிறாள். 'இந்தியாவின் தங்கம், எங்கள் வீட்டுத் தங்கம்' என்று கீழே எழுத்து. யாரோ பாராட்டு விழாவில் போட்ட சந்தன மாலையை அந்தப் படத்துக்கே ஜெபசிங் மாட்டிவிட்டார். போன வருஷம் கும்மிடிப்பூண்டியிலிருந்து சங்கிலி வாங்க வந்த ஒருவர், "பாப்பா எப்ப தவறிச்சு?" என்று துக்கம் விசாரித்தார். ஜெபசிங் அதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். மாலையைக் கழற்றவில்லை.

ஜெரின் எழுந்து வந்து மகளைத் தோளோடு அணைத்தான். காலையில் ரோட்டோரம் விட்டுவிட்டுப் போனவன்தான்.

"கேள்விப்பட்டேன். ஜெயிச்சுட்டியாமே. ரத்தம்னா சும்மாவா?"

"ரத்தத்துல ஜெயிக்கலண்ணே," என்றாள் பெனிஷா. "அம்முவோட வீல்ல ஜெயிச்சா. உன் கிரீஸ்ல தோத்தா. மண்டலத்துக்கும் அம்மு வீல்லதான் போகப்போறா. அவ இரவல் குடுத்திருக்கா. வேணும்னா அதையும் ஒரு போட்டோ எடுத்துப் போடு."

ஜெரினின் சிரிப்பு பாதியில் நின்றது. கயிறு அளந்துகொண்டிருந்த கடைப் பையன்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"கையெழுத்துப் போடு. மணியாகுது."

"இங்க பாரு பெனி. பிள்ளை திறமைய நீ நிரூபிச்சுட்ட, சந்தோஷம். ஆனா காலையிலேயே அண்ணா நகர் கோச்சுகிட்ட பேசி வாக்கு குடுத்துட்டேன். அங்க சாம்பல் இல்ல, வழுவழுன்னு தரை. இப்ப உன் கிளப் பேர்ல போனா இந்த வருஷம் முழுக்க உன்கிட்டேயே கட்டிப் போட்ட மாதிரி ஆயிடும். அடுத்த வருஷம் போகட்டும்."

"அடுத்த வருஷம் அவ பெரிய பிரிவு. பதினாறு வயசு, பதினேழு வயசுப் பிள்ளைங்களோட ஓடணும். இந்தப் பிரிவுல அவளுக்கு இதுதான் கடைசி வருஷம்."

"நான் போறேன்ப்பா," என்றாள் ஜெனி.

ஜெரின் அப்பாவைப் பார்த்தான். நாற்பது வயசாகிறது, கடைக்கு முதலாளி, ஒரு பிள்ளைக்குத் தகப்பன். எந்த முடிவுக்கும் முன்னால் அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் அவனுக்குத் தும்மல்கூட வராது.

ஜெபசிங் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். எழுபத்திரண்டு வயது. குரல் எப்போதும் வெல்லப்பாகு.

"ஏல, பிள்ளை ஆசைப்படுதால்லா. கையெழுத்துதானே, போட்டுக் குடுத்திரு." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "ஆனா ஒண்ணு மக்கா. சர்டிபிகேட்டு பெட்டிக்குள்ளல்லா கெடக்கு. காலையில இருந்து தேடுதேன். சாவியத்தான் காணல."



பெனிஷா அவரையே பார்த்தாள். அதே வார்த்தை. அதே இழுவை. கடைசிச் சொல்லில் கொஞ்சம் வருத்தம் சேர்க்கிற அதே சாமர்த்தியம். பதினாலு வருஷத்தில் இந்த மனிதர் புதிதாக ஒரு பொய்கூடக் கற்றுக்கொள்ளவில்லை. தேவைப்படவில்லை போலிருக்கிறது.

"சாவி உங்க இடுப்புல இருக்குமே தாத்தா," என்றாள் ஜெனி. "எப்பவும் அங்கதானே இருக்கும்."

"இருக்கும் மக்கா. இன்னைக்கு எங்கயோ விழுந்துட்டு. நாளைக்குக் கெடைச்சிரும்."

"நாளைக்குக் கெடைச்சிரும்," என்றாள் பெனிஷாவும். "அது எனக்கும் தெரியும்."

அன்றைக்கு இருபத்திரண்டு வயதில் அவள் அழுதாள். காலில் விழுந்தாள். ஆணி டப்பாக்களுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து விரலெல்லாம் கீறத் தேடினாள். இன்றைக்கு அவளுக்குத் தேடத் தோன்றவில்லை. அழுகையும் வரவில்லை. இந்தக் கடையில் இனி ஒரு நிமிஷம்கூடத் தன் முகம் இருக்கக்கூடாது என்று மட்டும்தான் தோன்றியது.

ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள்.

"என்னட்டி பண்ணுத?" ஜெபசிங் நாற்காலியிலிருந்து எழுந்தார். அவர் இவ்வளவு வேகமாக எழுந்து அங்கே யாரும் பார்த்ததில்லை. "ஏறாத, விழுந்திருவ. இறங்கு."

"என் படம்ப்பா. நான் எடுத்துக்கிறேன். இனிமே என் மூஞ்சியக் காட்டி நீங்க ஆணி விக்க வேண்டாம்."

"சொன்னாக் கேளு. ஜெரின், அவள இறக்கு."

ஜெரின் ஒரு அடி வைத்து நின்றுவிட்டான்.

பெனிஷா சந்தன மாலையைக் கழற்றிக் கீழே போட்டாள். படத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினாள். அது மாட்டியிருந்த ஆணியில் இன்னொன்றும் தொங்கிக்கொண்டிருந்தது. படம் அசைந்ததும் அது நழுவி, இரும்புப் பெட்டியின் தலையில் விழுந்து, அங்கிருந்து தரையில் விழுந்தது.

சிவப்புக் கயிறு கட்டிய சாவி.

குனிந்து எடுத்தவள் ஜெனி. உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். பிறகு தாத்தாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் வர்ணிக்கப் போவதில்லை. பேரப்பிள்ளைகள் யாரும் தாத்தாவை அப்படிப் பார்க்க வேண்டிவரக் கூடாது.

பெனிஷா ஸ்டூலின் மேலேயே நின்றாள். படத்தை மார்போடு பிடித்திருந்தாள்.

"அன்னைக்கும் இங்கதானாப்பா?"

ஜெபசிங் பதில் சொல்லாமல் இருந்திருக்கலாம். வயசானவர், தலையைக் குனிந்துகொண்டிருந்தால் யாராவது பாவம் என்றாவது நினைத்திருப்பார்கள். ஆனால் மாட்டிக்கொண்ட பிறகும் தன் கெட்டிக்காரத்தனத்தைச் சொல்லிக்கொள்ளாமல் இருக்க அவரால் முடியவில்லை.

"வேற எங்க வச்சிருந்தாலும் நீ தேடி எடுத்திருப்ப," என்றார்.

பெனிஷா மெல்ல இறங்கினாள். பதினொரு நாளும் அந்தப் படத்துக்குக் கீழேதான் உட்கார்ந்து தேடியிருக்கிறாள். ஒருமுறைகூட நிமிர்ந்து அதைப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுகை வரும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். அதுவும் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

ஜெனி பெட்டியைத் திறந்தாள். பத்திரம், நகைச் சீட்டு, பழைய பைபிள் எல்லாவற்றையும் தள்ளித் தன் பிறப்புச் சான்றிதழைக் கண்டுபிடித்தாள். அதை இழுக்கும்போது கூடவே ஒரு நீல நோட்டும் வந்து விழுந்தது. பிரித்துப் பார்த்தாள்.

"அத்தை, உங்க பாஸ்போர்ட்டு." பக்கங்களைப் புரட்டினாள். "ஒரு முத்திரைகூட இல்ல. எல்லாப் பக்கமும் காலியா இருக்கு."

"தெரியும்மா," என்றாள் பெனிஷா. "காலாவதியும் ஆயிருக்கும். எடுத்து வை."

மணி நாலு. சங்க அலுவலகம் போய்ச் சேர முக்கால் மணி நேரமாவது வேண்டும். பெனிஷா படிவத்தை ஜெரினின் முன்னால் வைத்தாள். பேனாவைத் திறந்து அதன்மேல் வைத்தாள்.

ஜெரின் பேனாவை எடுத்தான். வழக்கம்போல அப்பாவைப் பார்த்தான். அப்பா அவனைப் பார்க்கவில்லை. சுவரில் படம் இருந்த இடத்தில் அழுக்குப் படியாத ஒரு சதுரமும், நடுவில் ஒரு ஆணியும் இருந்தன. அவர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவர ஏன்ப்பா பாக்குறீங்க?" என்றாள் ஜெனி.

ஜெரினின் பேனா காகிதத்துக்கு மேலே நின்றது.

ஜெபசிங் பேத்தியிடம் கையை நீட்டினார். "சாவியக் குடு மக்கா. பெட்டியப் பூட்டணும்."

ஜெனி பெட்டியைத் தானே சாத்தினாள், தானே பூட்டினாள். சிவப்புக் கயிற்றைத் தன் கழுத்தில் மாட்டி, சாவியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டாள்.

"அப்பா கையெழுத்துப் போடுற வரைக்கும் என்கிட்டேயே இருக்கட்டும் தாத்தா," என்றாள். "என்கிட்ட இருந்தா தொலையாது."